கடைசி வாரத்துப் பாவசங்கீர்த்தனம்

யோங் பெங்,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்புள்ள பாப்பா,

வாட்ஸ்அப்பில் நீ கேட்டிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "காலமெல்லாம் ஆடித் தீர்த்துவிட்டுக் கடைசி வாரத்தில் ஃபாதரிடம் ஒரு பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததா அத்தை? அப்படியானால் எங்கம்மா எதற்காக இத்தனை வருஷம் ஒழுங்காக இருந்தாள்?" நியாயமான கேள்வி. ரொம்ப நாளாக உள்ளே வைத்திருந்ததைக் கேட்டிருக்கிறாய். போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுவோம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அப்பா பக்கத்து அறையில் மருந்து மயக்கத்தில் தூங்குகிறான்.

அவன் என் கூடப்பிறந்தவன் என்பதற்காக வக்காலத்து வாங்க வரவில்லை. அவன் செய்தது எதையும் நான் மறக்கவில்லை. ரப்பர்ப் பால் மரம் வெட்டிச் சம்பாதித்ததைச் சம்சுச் சாராயக்கடையில் கொடுத்தான். உன் அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்து, மீட்காமலே மூழ்கவிட்டான். அவள் சீட்டுக் கட்டி வந்த கூட்டுப் பணத்தைக் கை மாற்றி வாங்கிச் செலவழித்தான். வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் வாங்கிய கடனுக்காக உங்கள் வீட்டு வாசலில் சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போனார்களே, பள்ளிச் சீருடையோடு நீ குந்தி உட்கார்ந்து அதைத் தேய்த்துக் கழுவியதை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஒருநாள் வேறொருத்தியோடு போய்விட்டான். உன் அம்மா மின்னணுத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்து உங்களை ஆளாக்கினாள். இதெல்லாம் பாவம். "ஏதோ புத்தி கெட்டுச் செய்துவிட்டான், விடு" என்று சொல்கிற சொந்தக்காரர்களின் பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. நடந்ததைச் சின்னதாக்கிக் காட்டிவிட்டு அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைக்கிறார்கள். கடவுள் அப்படிச் செய்கிறவர் இல்லை. அவர் எதை மன்னிக்கிறாரோ அதை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் மன்னிக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை ஃபாதர் வந்தார். நானாகக் கூப்பிடவில்லை, அவன்தான் கேட்டான். வந்ததும் கதவைச் சாத்திவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே சொன்னது ஃபாதரோடு போயிற்று. உயிரே போனாலும் அதை வெளியே விடக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். எனக்குக் கேட்டதெல்லாம் மேசை விசிறியின் சத்தமும் நடுநடுவே அவன் இருமியதும்தான். ஃபாதருக்குக் கலந்து வைத்த தேநீர் ஆறிப்போய், மறுபடி கலந்து, அதுவும் ஆறிவிட்டது. கூப்பிட்டபோது உள்ளே போனேன். நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் நோயில்பூசுதல் எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது. அவனால் விழுங்க முடியாது என்பதால் நற்கருணையில் ஒரு சிறு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்து, தேக்கரண்டியால் தண்ணீர் கொடுத்தார் ஃபாதர். இரண்டு தடவை தொண்டையில் நின்று, மூன்றாவது தடவை இறங்கியது.

அவர் போன பிறகு, தனக்கு என்ன பரிகாரம் சொன்னார் என்பதை அவனாகவே என்னிடம் சொன்னான். செபங்கள் கொஞ்சம். அதோடு, யாரிடம் எதை எடுத்தாயோ அதில் உன்னால் முடிந்ததையாவது திருப்பிக் கொடு என்று. உடனே ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டான். கை நடுங்குவதால் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தாலிக்கொடி. ஒரு ஜோடிக் காப்பு. கூட்டுப் பணம், இரண்டு கூட்டு. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்து மூடி வைக்கப் போனேன். "எழுது. பாப்பாவோட உண்டியல், தகர டின்னு, மீன் படம் போட்டது" என்றான். அது எனக்குத் தெரியாது பாப்பா. நீ என்னிடம் சொன்னதே இல்லை.

அவனிடம் இருந்த பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளை விற்கச் சொன்னான், விற்றாயிற்று. சேமநிதியில் மிச்சமிருந்ததையும் எடுத்தாயிற்று. நோட்டில் எழுதியிருப்பதில் பாதிகூட அது வராது. அது அவனுக்கும் தெரியும்.

இதைப் பெரிதாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பாவசங்கீர்த்தனம் என்றால் சொல்லிவிட்டு எழுந்து போவது என்றுதான் நீ நினைத்திருக்கிறாய், வெளியிலிருந்து பார்க்கிறவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1551-ஆம் வருஷம் திரெந்து பொதுச்சங்கம் இந்த அருட்சாதனத்தைப் பற்றித் தீர்மானித்தபோது, பாவி செய்ய வேண்டியதை மூன்றாகச் சொன்னது: மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம், பரிகாரம். மன்னிப்பு கிடைத்த பிறகும் பரிகாரம் நிற்கிறது. பாவம் தொலைந்தாலும், அந்தப் பாவத்தால் உடைந்தது உடைந்தபடிதானே கிடக்கிறது? தாவீது ராஜா உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவைப் போர்முனையில் சாகவிட்டான். நாத்தான் தீர்க்கதரிசி வந்து முகத்துக்கு நேரே சொன்னபோது அழுதான், மன்னிப்பும் பெற்றான். ஆனால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு நிம்மதி இல்லை, பிள்ளைகளின் சாவும் சண்டையும்தான். வேதம் இதை மறைத்து எழுதவில்லை. இவ்வளவு அருள் பெற்ற ராஜாவின் கதையை இவ்வளவு அசிங்கத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறது என்பதால்தான் எனக்கு வேதத்தின் மேல் நம்பிக்கை.

ஆனால் எது முதலில், எது பின்னால் என்பதையும் பார். எரிகோவில் சக்கேயு அத்திமரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான். வரி வசூலில் ஊரை ஏய்த்தவன். ஆண்டவர் அவனைக் கீழே இறங்கச் சொல்லி, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்குகிறேன் என்றார். கணக்கைக் காட்டு, பணத்தைத் திருப்பிக் கொடு, அப்புறம் வருகிறேன் என்று சொல்லவில்லை. அவர் தன் வீட்டுக்கு வருகிறார் என்ற சந்தோஷத்தில்தான் அவன் பாதிச் சொத்தை ஏழைகளுக்கும், ஏய்த்ததற்கு நாலு மடங்கும் தருகிறேன் என்கிறான். உன் அப்பா நோட்டுப் புத்தகம் கேட்டதும் எண்ணெய் பூசிய பிறகுதான். முன்னாலும் அவனிடம் நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோமே, ஒரு வெள்ளி வந்ததா?

உன் வீட்டுக்காரர் லுத்தரன் சபை. இந்த விஷயத்தில் அவர்கள் சபைக்கும் கத்தோலிக்கரான நமக்கும் நானூறு வருஷத்துக்கு மேல் வழக்கு இருந்தது. மனிதன் தன் செயலால் மீட்பைச் சம்பாதிக்க முடியாது, விசுவாசத்தில் கிருபையாகப் பெறுவதுதான் என்று லுத்தர் அடித்துச் சொன்னார். 1999 அக்டோபர் 31-ஆம் தேதி ஜெர்மனியில் அவுக்ஸ்பர்க் நகரத்தில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து, மீட்பு கடவுளின் இலவசக் கொடை, நம் தகுதியால் வருவதில்லை என்று சேர்ந்தே கையெழுத்துப் போட்டார்கள். 2006-இல் மெதடிஸ்ட் சபையாரும் அதில் சேர்ந்துகொண்டார்கள். நம் தமிழ் மண்ணுக்கும் இந்த வழக்கு புதிதில்லை. குரங்குக் குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்வதுபோல் பக்தன் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று வடகலை வைணவர்களும், தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போவதுபோல் இறைவனே தூக்கிப்போவான் என்று தென்கலையாரும் பல நூற்றாண்டாக வாதாடியிருக்கிறார்கள். எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1827-இல் திருநெல்வேலிச் சீமையில் ஒரு வைணவ வீட்டில் பிறந்தவர். 1858-இல் ஞானஸ்நானம் பெற்று, பிறகு பாவச்சுமையோடு நடக்கிற ஒருவனின் பயணத்தை 'இரட்சணிய யாத்திரிகம்' என்று காவியமாகவே பாடினார். தகுதியில்லாதவனுக்குக் கிடைக்கும் அருள் என்பது அவருக்கு வீட்டிலேயே பழகிய பேச்சாக இருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. உன் அப்பாவைப் பார்க்கும்போது எனக்குத் தென்கலையார் பக்கம்தான் சரியென்று படுகிறது. பிடித்துக்கொள்ள அவனுக்குக் கை இல்லை.

இப்போது உன் அம்மாவைப் பற்றி நீ கேட்டது. மத்தேயு எழுதிய திராட்சைத் தோட்டத்து உவமை உனக்குத் தெரியும். விடியற்காலையில் வேலைக்கு வந்தவனுக்கும் பொழுது சாயும்போது வந்தவனுக்கும் ஒரே கூலி. தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இது கேட்டதுமே அநியாயமாகப் படும். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, கொசுக்கடியில் மரம் வெட்டி, பால் தூக்கியவளுக்கும், சாயங்காலம் வந்து வாளி கழுவியவனுக்கும் ஒரே சம்பளம் என்றால் தொழிற்சங்கம் சும்மா இருக்குமா? நானும் வகுப்பில் மறைக்கல்வி சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளைகள் இதையே கேட்பார்கள்.

ஆனால் பாப்பா, அந்தக் கடைசி ஆட்கள் அதுவரை எங்கே இருந்தார்கள்? சந்தையில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் பிள்ளைக்கு என்ன கொண்டுபோவது என்று பொழுது முழுக்க வெயிலில் நின்ற ஒருவனைப் பார்த்து, நீ சுகமாக இருந்தாய் என்று சொல்ல முடியுமா? நீ "ஆடித் தீர்த்துவிட்டு" என்று எழுதியிருக்கிறாய். அவன் ஆடவில்லை. அந்த இன்னொருத்தி இரண்டே வருஷத்தில் துரத்திவிட்டாள். பஸ் நிலையத்தில் படுத்திருந்தான். விடிந்தால் கை நடுங்கும், அந்த நடுக்கம் நிற்கவே குடிக்க வேண்டும். வாந்தியில் ரத்தம் வந்த பிறகும் குடித்தான். உங்கள் பிறந்தநாள்களில் மட்டும் ராத்திரி எனக்குப் போன் செய்வான், ஒன்றும் பேசமாட்டான். உன் அம்மா ஏமாந்து சுமந்தாள், அவன் சுகப்பட்டான் என்று கணக்குப் போட்டால் அந்தக் கணக்கு தப்பு. உன் அம்மாவுக்கு நீங்கள் இருந்தீர்கள். நீ முதல் சம்பளத்தில் அவளுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாய், பேரப்பிள்ளை அவள் மடியில் வளர்கிறான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தலை நிமிர்ந்து போகிறாள். ஒழுங்காக வாழ்ந்ததற்கு மேலே போய்த்தான் கூலி வாங்க வேண்டும் என்றில்லை. பாவத்தைச் சுகம் என்றும் நேர்மையை நஷ்டம் என்றும் நினைத்தால்தான் கடைசி நேரத்து மன்னிப்பு திருட்டாகத் தோன்றும். அவனுக்குக் கிடைத்த அருள் உன் அம்மாவின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது இல்லை.

இருந்தாலும் பட்டவர்களின் வலி என்று ஒன்று இருக்கிறது. இந்த ஊரில் இருந்துகொண்டு மன்னிப்பைப் பற்றி எழுதும்போது பாரிட் சூலோங்கைத் தாண்டிப் போக முடியாது. 1942 ஜனவரியில் மூவாரிலிருந்து பின்வாங்கிய ஆஸ்திரேலியப் படையும் 45-ஆவது இந்தியப் பிரிகேடும் யோங் பெங்கை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தன. வழியில் பாரிட் சூலோங் பாலத்தை ஜப்பானியர் பிடித்துவிட்டார்கள். நடக்க முடிந்தவர்கள் காட்டிலும் சதுப்பிலும் இறங்கி யோங் பெங் வந்து சேர்ந்தார்கள். காயம்பட்டவர்களை விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. ஜனவரி 22-ஆம் தேதி அந்தக் கைதிகளில் சுமார் 110 ஆஸ்திரேலியரையும் 40 இந்தியரையும் கொன்று, பெட்ரோல் ஊற்றி எரித்தார்கள். அந்தப் படைக்குத் தளபதியாக இருந்த நிஷிமுரா தக்குமா 1951-இல் மானுஸ் தீவில் தூக்கிலிடப்பட்டார். நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது. செய்ய வேண்டியதுதான். கடவுளின் மன்னிப்பு எந்த நீதிமன்றத்தையும் மூடச் சொல்வதில்லை.

அதே காலத்தில் சிங்கப்பூரில் ஆங்கிலிக்கன் பிஷப்பாக இருந்தவர் லெனார்ட் வில்சன். அன்றைக்கு மலாயாவும் அவருடைய மறைமாவட்டத்தில்தான் இருந்தது, நம் ஜோகூரும் சேர்த்து. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்கள் வெடித்ததற்குச் சாங்கி முகாமில் இருந்த வெள்ளையர்கள்தான் உளவு சொன்னார்கள் என்று சந்தேகப்பட்டு, 1943 அக்டோபர் 10-ஆம் தேதி ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்த்தாய் சோதனையில் இறங்கியது. 57 பேரைப் பிடித்துப் போனார்கள், 15 பேர் செத்தார்கள். வில்சனையும் கட்டிப்போட்டு நாள்கணக்கில் கயிற்றால் அடித்தார்கள். அவர்களுக்கு அவர் மன்னிப்புக் கேட்டுச் செபிக்க முயன்றபோது, அந்த முகங்களைப் பார்த்து அது சுலபமாக வரவில்லை என்பதைப் பின்னாளில் பிபிசி வானொலிப் பிரசங்கத்தில் அவரே சொல்லியிருக்கிறார். முதலில் அவர்களைச் சின்னப் பிள்ளைகளாக நினைத்துப் பார்த்தாராம். பிள்ளைகளை வெறுக்க முடியாதே. அதுவும் போதவில்லை. கடைசியில், ஆண்டவர் தொட்டால் இவர்கள் எப்படி ஆகக்கூடும் என்று நினைத்துப் பார்த்த பிறகுதான் அவரால் செபிக்க முடிந்தது. போருக்குப் பிறகு சிங்கப்பூரிலேயே, தன்னைச் சித்திரவதை செய்தவர்களில் ஒருவனுக்கு அந்த பிஷப் தம் கையாலேயே திடப்படுத்தல் கொடுத்தார். அடிபட்ட அதே ஆள், அடித்தவன் தலையில் கை வைத்தார். அந்தக் கெம்பெய்த்தாய்க்காரர்கள்மேல் 1946-இல் வழக்கு நடந்து, எட்டுப் பேருக்கு மரண தண்டனையும் கிடைத்தது. இரண்டும் ஒரே ஊரில், ஒன்றிரண்டு வருஷ இடைவெளியில் நடந்தன.

எல்லாரும் வில்சன் ஆக முடியுமா? நம் வீட்டிலேயே என் பாட்டி ஆகவில்லை. உன் கொள்ளுத்தாத்தாவை ஜப்பானியர் சயாம் ரயில் பாதை போடத் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பல்லாயிரம் தமிழர் அப்படிப் போனார்கள், அவர் திரும்பி வரவில்லை. செத்த தேதி தெரியாது, குழி தெரியாது. பாட்டி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளில் எல்லாரும் அவரவர் கல்லறைக்குப் போக, பாட்டி நடுவிலிருக்கும் பெரிய சிலுவையடியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார். உன் அப்பா முதன்முதலில் ஹோண்டா வாங்கியபோது, ஜப்பான் வண்டியில் ஏறமாட்டேன் என்று சொல்லிக் கோவிலுக்கு நடந்தே போனார். பாட்டியை நான் குறை சொல்லமாட்டேன். தாத்தாவை லாரியில் ஏற்றியவன் பாட்டியின் வாசலுக்கு வந்து நின்றதே இல்லை. யாரை மன்னிப்பார் அவர்? உன் அப்பா வந்து நிற்கிறான், நோட்டுப் புத்தகத்தோடு. இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கர்த்தர் கற்பித்த செபத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. நாம் மன்னிப்பதுபோல நமக்கும் மன்னிப்பு வேண்டும் என்றுதான் தினமும் கேட்கிறோம். உனக்காக நான் அதை அடித்துவிட முடியாது. அத்தை என்ற உரிமையில் மழுப்பினால் அது உனக்குச் செய்கிற துரோகம். ஆனால் அது இந்த வாரத்துக்குள் நடந்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உனக்கு அவன்மேல் பாசம் பொங்க வேண்டும் என்றும் இல்லை. அவனுக்குக் கேடு வரட்டும் என்று வேண்டுவதை நிறுத்தினாலே தொடங்கிவிட்டதாகத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மீதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார், செத்தவர்களுக்கும் உயிரோடு இருப்பவர்களுக்கும் இடையில்கூட. மன்னிப்பது வேறு, மறுபடி சேர்ந்துகொள்வது வேறு. உன் அம்மா இங்கே வந்து அவனுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும் என்று நானோ ஃபாதரோ கேட்கவில்லை. அவள் வராவிட்டால் அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. யாராவது சொந்தக்காரர் அவளை வற்புறுத்தினால் என்னிடம் சொல், நான் பேசிக்கொள்கிறேன்.

நீ வருவதாக இருந்தால் சீக்கிரம் வா. ஈரல் முழுதாகப் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார், நாள் குறிக்கமுடியாது என்கிறார். காலை நேரத்தில்தான் அவனுக்குத் தெளிவு, மத்தியானத்துக்கு மேல் ஆள் அடையாளம் தெரிவதில்லை. அதனால் முதல் நாள் ராத்திரியே இங்கே வந்து தங்குகிற மாதிரி பஸ் பிடி. பக்கத்து வீட்டு ஆ மோய் மகன் காரில் வந்து நிலையத்தில் கூட்டிக்கொள்வான். உன் அப்பா உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வர வேண்டியதில்லை. பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போ. கோபத்தைக் கொட்ட வேண்டும் என்றிருந்தால் கொட்டு, அவனுக்கு அதைத் தாங்குகிற பாத்தியதை உண்டு. வராவிட்டாலும் நீ எனக்குப் பாப்பாதான்.

ஆனால் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய். பணத்தை உன் அம்மா பெயரில் வங்கியில் போட்டிருக்கிறேன், ரசீதும் நோட்டுப் புத்தகமும் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. "அந்தக் காசு எனக்கு வேண்டாம்" என்று அவள் திருப்பி அனுப்பப் பார்ப்பாள், எனக்குத் தெரியும். அவனுக்கு இரக்கம் காட்டுவதாக நினைத்து வாங்க வேண்டாம். அது அவன் தருவதும் இல்லை. ராத்திரி ராத்திரியாக அவள் உழைத்த காசு, அவள் கழுத்தில் கிடந்த பொன். அவளுடையது. வாங்கிக்கொள்ளச் சொல். உண்டியலில் எவ்வளவு இருந்தது என்று அவனுக்கு நினைவில்லை, அதனால் அந்த வரிக்கு நேரே தொகை எழுதவில்லை. உனக்கு நினைவிருந்தால் எழுதி அனுப்பு, நான் சேர்த்துப் போடுகிறேன்.

அன்புடன்,
அத்தை